கலைமணி கூப்பிட்டுப் பார்க்கிறார்

கலைமணி இடது உள்ளங்கையை விரித்து, பால்பாயிண்ட் பேனாவால் எண்களை எழுதிக்கொள்கிறார். அலுவலகத்தில் பன்னிரண்டு கணினிகள் இருந்தால் உள்ளங்கையில் பன்னிரண்டு எண்கள். இடம் போதாவிட்டால் கண்ணாடி வளையல்களை முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டு மணிக்கட்டில் எழுதுவார். "காயிதம்னா எங்கயாச்சும் வெச்சுட்டுப் போயிருவனுங்க. கைய எங்க வெச்சுட்டுப் போறது?" என்று எழுதியபடியே சொல்கிறார். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவார். மறுநாள் அந்தக் கையில் வேறொரு அலுவலகம் இருக்கும்.

வயது நாற்பத்தாறு. சேலைக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டை. மொபெட்டின் முன்னால் பச்சையும் வெள்ளையுமாகப் பின்னிய ஒயர் கூடை. அதற்குள் கேபிள் முனையில் தலை மாட்டும் குறடு, பச்சை விளக்குகள் ஓடும் சோதனைக் கருவி, சுருட்டிய கேபிள், சாப்பாட்டு டப்பா, நாலைந்து நிறத்தில் நூல் கோன்கள். பள்ளிபாளையம், ஆவாரங்காடு, வெப்படை, பாலம் தாண்டினால் ஈரோட்டுக் கரையோரத் தெருக்கள் வரை, கணினிக்கு இணையம் வராமல் போனால் இவரைத்தான் கூப்பிடுகிறார்கள். "நெட்டு நின்னு போச்சுங்களா? இருங்க, வாரேன்" என்பார். எத்தனை மணிக்கு என்று சொல்ல மாட்டார். ஆனால் வந்துவிடுவார்.

நான் பொறியியல் படித்தவன். பெயர் ஈஸ்வர். திருச்செங்கோட்டில் சங்ககிரி சாலையில் கண்ணாடிக் கதவு போட்ட கணினிக் கடை வைத்திருக்கிறேன். சுவரில் மூன்று சான்றிதழ்கள் மாட்டியிருக்கிறேன். கலைமணி ஒன்பதாம் வகுப்பு. இந்த வாக்கியங்களை நான் அடுக்கியிருக்கும் வரிசையிலேயே என் மனம் தெரிந்துவிடும். அதனால் மறைக்கப் போவதில்லை. எனக்கு அவர்மேல் பொறாமை. மூன்று வருடமாக, நன்றாக ஊறிய பொறாமை. அவரைப் பற்றி நான் இவ்வளவு தெரிந்துவைத்திருப்பதற்கு அதுதான் காரணம். பிடித்தவர்களைக்கூட நாம் இத்தனை கூர்ந்து பார்ப்பதில்லை.

அவருக்கென்று ஒரு பாஷை உண்டு. ஒவ்வொரு கணினிக்கும் வலையில் ஒரு முகவரி எண் இருக்கும் அல்லவா, அது அவருக்குக் 'கதவு நம்பர்'. வெளி உலகத்தோடு இணைக்கும் ரவுட்டர், 'வாசல்'. எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் சுவிட்ச், 'சந்தைப் பொட்டி'. ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குச் சிறு செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று சோதிப்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். கறுப்புத் திரையில் ஒரு கட்டளை தட்டினால், பதில் வர வர ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கும். கலைமணி அதைக் 'கூப்பிட்டுப் பாக்கறது' என்பார். "வாசலக் கூப்டுப் பாருங்க. 'ஏனுங்க'ங்குதா? அப்ப வாசல் வரைக்கும் பாதை இருக்குது. அதுக்கு அக்கட்ட போய்ப் பாக்கோணும்." எங்கள் ஊரில் யாரைக் கூப்பிட்டாலும் வருகிற பதில் 'ஏனுங்க'. முதல் ஆண்டுக் கல்லூரி மாணவர்களுக்கு நான் ஒருமுறை இதே விஷயத்தை ஒரு மணி நேரம் விளக்கினேன். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். இவர் சொன்னால் பருத்திக் கிடங்கு வாட்ச்மேனுக்கும் புரிகிறது.

முன்பு விசைத்தறிக் கூடத்தில் கோன் சுற்றிக்கொண்டிருந்தார். கணவர் காளிதாஸ் கேபிள் டி.வி. லைன்மேன். ஒரு மழை நாளில் மாடியிலிருந்து வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. தெருவில் படம் வராமல் ஆட்கள் வந்து வீட்டு வாசலில் நின்றார்கள். கலைமணி கணவரின் சட்டையை மாட்டிக்கொண்டு ஏணியை எடுத்தார். "ரெண்டு மாசத்துக்குன்னு ஏறுனனுங்க. எறங்கவே இல்ல." பிறகு அதே லைனில் இணையமும் வந்தது. "படம் வருது, நெட்டு வரல" என்று புகார் வந்தது. நிறுவனத்தின் புகார் எண்ணைக் கூப்பிட்டு, எதிர்முனையில் பேசுகிறவர் சலிக்கும் வரை கேள்வி கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டிருக்கிறார். காளிதாஸ் இப்போது வீட்டில் உட்கார்ந்தபடி தறியில் நெய்த துண்டுகளின் ஓர நூல்களுக்கு முடிச்சுப் போடுகிறார். மனைவிக்கு வரும் போன்களில் பாதியை அவர்தான் எடுக்கிறார். "என்ற ஊட்டுக்காரர் போன்லயே பாதி ரிப்பேர முடிச்சுருவாருங்க" என்று கலைமணி பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அந்த நூல் கோன்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சந்தைப் பெட்டியில் இருபது கேபிள்கள் ஒரே நீலத்தில் வந்து குத்தி நிற்கும். எது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. கலைமணி ஒவ்வொரு கேபிளுக்கும் இரண்டு முனையிலும் ஒரே நிற நூலைச் சுற்றி இறுக்கமாக ஒரு முடிச்சுப் போட்டுவிடுவார். சிவப்பு முதலாளி அறை, பச்சை கேமரா, மஞ்சள் கணக்கர் மேஜை. தறிக்கூடத்தில் அறுந்த இழையைக் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்த விரல்கள் அவை. முடிச்சு கடுகளவுதான் இருக்கும், ஆனால் அவிழாது. நான் போகிற அலுவலகங்களில் சுவிட்சின் மூடியைத் திறந்ததும் அந்த முடிச்சுகள் கண்ணில் பட்டால், இங்கே அவர் வந்துவிட்டுப் போயிருக்கிறார் என்று தெரிந்துவிடும். வயிறு எரியும். பெயர்ச்சீட்டு அச்சடிக்கும் சின்ன இயந்திரம் ஒன்றைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தேன். அந்தச் சீட்டுகள் எல்லாம் வெயில் காலத்தில் பசை விட்டு உதிர்ந்தன.

இன்னொரு வழக்கம். வேலைக்கு வந்த இடத்தில் அவர் முதலில் கணினியைத் தொடுவதில்லை. "நீங்க உங்க சோலியப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு ஸ்டூலையோ காலி நூல் பெட்டியையோ இழுத்துப் போட்டு வாசலோரம் உட்கார்ந்துவிடுவார். அரை மணி நேரம்கூட ஆகும். யார் வருகிறார்கள், யார் எதைப் போடுகிறார்கள், எது எப்போது அணைகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். யாரும் அவரை அவசரப்படுத்த மாட்டார்கள். டீ வரும். நான் அப்படி ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தால், "என்னங்க சார், புடிபடலீங்களா?" என்று கேட்டுவிடுவார்கள். அதற்குப் பயந்தே நான் எதையாவது கழற்றத் தொடங்கிவிடுவேன்.

இனி, சென்ற மாதம் நடந்ததைச் சொல்கிறேன்.

பள்ளிபாளையத்தில் துண்டும் படுக்கை விரிப்பும் நெய்து வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பும் நிறுவனம் ஒன்று. முதலாளி வெங்கடாசலம். ஏழு வருடமாக அங்கே எல்லாக் கணினிகளுக்கும் நான்தான் பொறுப்பு. என்னிடம் மிச்சமிருந்த பெரிய வாடிக்கையாளர்களில் அவர் ஒருவர். அங்கே பில் போடும் பெண் தேவிப்ரியா. லாரி கிளம்ப வேண்டுமென்றால் அவள் இணையத்தில் போய் வழிச்சீட்டு எடுக்க வேண்டும். அந்த ஒரு கணினியில் மட்டும் இணையம் அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. மற்றக் கணினிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. போகும், தானாக வரும், மறுபடியும் போகும். துணிப் பேல்கள் ஏற்றிய லாரிகள் வாசலில் நின்றன. ஒரு முறை சரக்கு தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்டது.

நான் நான்கு முறை போனேன். நான்கு முறையும் காலை ஒன்பது மணிக்கு, அலுவலகம் கூட்டமாவதற்கு முன்பு. கேபிளை மாற்றினேன். நெட்வொர்க் கார்டை மாற்றினேன். சுவிட்சில் வேறு துளைக்கு மாற்றிக் குத்தினேன். கடைசியில் விண்டோஸையே அழித்துப் புதிதாக ஏற்றினேன். ஒவ்வொரு முறையும் நான் கிளம்பும்போது இணையம் ஜோராக ஓடிக்கொண்டிருக்கும். பதினொன்றரை மணிக்குப் போன் வரும். நாலாவது தடவை வெங்கடாசலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்ப்பா ஈஸ்வரு, என்னதான் கோளாறு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. தெரியவில்லை என்றால் அடுத்து அவர் யாரைக் கூப்பிடுவார் என்பது எனக்குத் தெரியும். அதனால் இப்படிச் சொன்னேன்: "கம்ப்யூட்டர்ல கோளாறு இல்லீங்க. உக்கார்ற ஆளுதான் என்னமோ பண்றாங்க. கண்டதையும் எறக்கறாங்களோ என்னமோ."

அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்று தேவிப்ரியாவிடம் சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பெண் அழவில்லை, சண்டையும் போடவில்லை. "ஒரே ஒரு நாள் டைம் குடுங்க, எங்க தெருக்கு வார அக்காவக் கூட்டியாந்து பாக்கறேன்" என்று கேட்டிருக்கிறாள். வெங்கடாசலம் சம்மதித்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "நீயும் வாப்பா. அந்தம்மா எதயாச்சும் பிச்சுப் போட்டுட்டா நாளைக்கு நீதான் சேக்கோணும்."

போனேன். கலைமணி தோற்பதைப் பார்க்கத்தான் போனேன். வழி நெடுக, அவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதாகவும், நான் பெருந்தன்மையாக "பரவால்லைங்க, எனக்கே கஷ்டமாத்தான் இருந்தது" என்று சொல்வதாகவும் கற்பனை செய்தபடி வண்டி ஓட்டினேன். சங்ககிரி சாலையில் ஒரு வேகத்தடையைக் கவனிக்காமல் ஏறி இறங்கியது நன்றாக நினைவிருக்கிறது.

புதன்கிழமை, காலை பத்தரை மணி. கலைமணி உள்ளங்கையில் எழுதி முடித்துவிட்டு, தேவிப்ரியாவின் பக்கத்தில் நின்று கேட்டார்.

"எப்பெப்பப் போகுதுங்க அம்மணி?"

"காலைல நல்லா இருக்குங்கக்கா. பதினொண்ணு, பதினொண்ணரைக்கு மேலதான் போகுது. சாப்பாட்டு நேரத்துல தானா வந்துருது. மறுக்கா மூணு மணிக்குப் போயிருது."

"தெனமுமா?"

"செவ்வாக்கெழம மட்டும் போறதில்லீங்க்கா."

கலைமணி தலையை ஆட்டிக்கொண்டார். நான்கு முறை வந்தவன் நான். எந்தக் கிழமை என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. பக்கத்து மேஜையில் உட்கார்ந்து போனைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தேன்.

"ஒரு நாளு ஓரத்துல சின்னதா ஒரு எழுத்து வந்துச்சுங்க. நம்பர் ரெண்டா இருக்குதுங்கற மாதிரி. சார்கிட்டச் சொன்னன்" என்றாள் தேவிப்ரியா. என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். ஆமாம், சொல்லியிருந்தாள். 'அதெல்லாம் சும்மா வரும்' என்று நான் பதில் சொல்லியிருந்தேன்.

கலைமணி ஸ்டூலை இழுத்துக் கதவோரம் போட்டு உட்கார்ந்தார். பக்கத்து அறையிலிருந்து தறிகளின் சத்தம் தரை வழியாக ஏறிக் காலில் அதிர்ந்தது. தண்ணீர் குடித்தார். டீ வந்தது. எனக்கும்தான் வந்தது, ஆனால் முதலில் அவருக்கு வந்தது. தேவிப்ரியா வழிச்சீட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். இணையம் பிசகில்லாமல் ஓடியது. இன்று போகவே போகாது, அவமானப்பட்டுத் திரும்புவார் என்று என் மனம் குதித்தது. வேலை போகப்போகிற பெண் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்க, நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றே கால் மணிக்கு வெங்கடாசலம் தறிக்கூடத்தைச் சுற்றிவிட்டு வந்து தன் அறைக்குள் போனார். ஒரே பலகையில் எல்லா சுவிட்சுகளையும் சடசடவென்று போடும் சத்தம் கேட்டது. ஏ.சி. முனகியது. ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

"போயிருச்சுங்க்கா!" என்றாள் தேவிப்ரியா.

கலைமணி எழுந்தார். அந்த முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியை என்னால் தாங்க முடியவில்லை. காணாமல்போன ஆட்டைக் கண்டுபிடித்தவர் முகம் மாதிரி இருந்தது. பக்கத்து மேஜைக் கணினியில் கறுப்புத் திரையைத் திறந்து, உள்ளங்கையைப் பார்த்து, தேவிப்ரியாவின் கதவு நம்பரைத் தட்டினார். கடைசி எண் ஐம்பது. பதில் வரிகள் இறங்கத் தொடங்கின.

"கூப்டா பேசுதுங்களே சார்" என்றார் என்னிடம். பிறகு தேவிப்ரியாவிடம், "அம்மணி, உங்க கம்ப்யூட்டர்ல இருக்கற நெட்டு ஒயரக் கழட்டுங்க."

"கழட்டிட்டேனுங்க்கா."

"கையில புடிச்சுக் காட்டுங்க."

தேவிப்ரியா நீலக் கேபிளின் முனையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். அந்தக் கணினி இப்போது எதோடும் இணைந்திருக்கவில்லை. ஆனால் கலைமணியின் முன்னால் இருந்த திரையில் பதில் வரிகள் நிற்கவில்லை. ஒன்றன்கீழ் ஒன்றாக, சாவகாசமாக இறங்கிக்கொண்டே இருந்தன.

"பாத்தீங்களா? ஊட்டப் பூட்டிச் சாவிய வெளிய கையில வெச்சுட்டு நிக்கறம். உள்ளருந்து ஆரோ 'ஏனுங்க'ங்கறாங்க."

அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது. ஒரே எண்ணை இரண்டு இயந்திரங்களுக்குக் கொடுத்தால், ஒரே கதவு நம்பர் உள்ள இரண்டு வீடுகளுக்கு நடுவில் தபால்காரர் மாட்டிக்கொண்ட மாதிரி ஆகும். இந்த வீட்டுக்கு வர வேண்டிய கடிதமெல்லாம் அந்த வீட்டுக்குப் போய்விடும். இது பாடப்புத்தகத்தில் முதல் சில பக்கங்களுக்குள் வருகிற விஷயம். எனக்கு விளங்கியது அது மட்டுமல்ல. நிலையான எண் கொடுக்க வேண்டிய இயந்திரங்களுக்கு யோசிக்காமல் ஐம்பது என்று போடுவது என் விரல்களின் பழக்கம். இந்தக் கணினிக்கு ஏழு வருடத்துக்கு முன் ஐம்பது போட்டது நான். விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றியபோதும் மறக்காமல் அதே ஐம்பதைப் போட்டேன். சித்திரை மாதத்தில் இதே கட்டடத்தில் வேறு எதற்கோ ஒன்றுக்கு எண் கொடுத்திருக்கிறேன். அது எது என்று எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. வராமல் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

கலைமணி சந்தைப் பெட்டியின் முன்னால் மண்டியிட்டார். ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கி, ஒரு நொடி பொறுத்து, மறுபடியும் குத்தினார். திரையில் பதில் வரிகள் இறங்குகின்றனவா என்று தேவிப்ரியா பார்த்துச் சொன்னாள்.

"இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க்கா."

"இப்ப?"

"இருக்குதுங்க்கா."

எட்டாவது கேபிளில், "நின்னு போச்சுங்க்கா!" என்று கத்தினாள் தேவிப்ரியா.

அங்கே நூல் முடிச்சுகள் இல்லை. எல்லாமே ஒரே நீலம், என் கைவேலை. எனவே கலைமணி அந்தக் கேபிளைக் கையாலேயே தடவிக்கொண்டு சுவரோரம் நடந்தார். அது கதவு நிலைக்கு மேல் ஏறி, வெங்கடாசலத்தின் அறைக்குள் நுழைந்து, பீரோவுக்குப் பின்னால் இறங்கி, வண்ண அச்சு இயந்திரத்தில் போய் முடிந்தது. துணி டிசைன்களை அச்சடித்துப் பார்க்க சித்திரையில் வாங்கிய பிரிண்டர். முதலாளி அறைக்கு வந்தால் அதுவும் மற்ற விளக்குகளோடு சேர்ந்து உயிர்பெறும். சாப்பாட்டுக்குப் போகும்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போவார். செவ்வாய்க்கிழமை அவர் ஈரோடு ஜவுளிச் சந்தைக்குப் போய்விடுவார்.

"இதுக்கும் ஐம்பதுதானுங்க இருக்கோணும்" என்றார் கலைமணி.

வெங்கடாசலம் நாற்காலியிலிருந்து எழுந்தார். "அதெப்படி ரெண்டுக்கும் ஒரே நம்பரு? ஆரு போட்டது?"

பிரிண்டரின் பக்கவாட்டில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர். ஆங்கிலத்தில் கடைப் பெயர், தேதி. கலைமணி கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்து, விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கத் தொடங்கினார். "இ... எஸ்... டபிள்யூ..." அவர் வேண்டுமென்றே செய்யவில்லை. அவருக்கு ஆங்கிலம் அப்படித்தான் வரும். ஆனால் என் பெயர் அவர் வாயிலிருந்து துண்டு துண்டாக வெளியே வருவதை அந்த அறையில் நின்று கேட்க என்னால் முடியவில்லை.

"நான்தானுங்க போட்டேன்" என்றேன். "கம்ப்யூட்டருக்கும் நான்தான். இதுக்கும் நான்தான். எழுதி வெக்கல. மறந்துட்டேன்."

வெங்கடாசலம் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப அந்தப் புள்ளயப் பத்திச் சொன்னியே?"

"அது தப்புங்க. தெரியலன்னு சொல்ல முடியாம அப்படிச் சொல்லிட்டேன்."

"என்றகிட்டச் சொல்லி என்ன? அதுகிட்டப் போய்ச் சொல்லு."

பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க, நான் தேவிப்ரியாவின் மேஜைக்கு நடந்து போனேன். கேபிளை மறுபடியும் குத்திவிட்டு, நின்றுபோன வழிச்சீட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். "என்ற மேலதான் தப்பும்மா. மன்னிச்சிரு" என்றேன். அவள் பொத்தானை அழுத்தி, தாள் வரும் வரை காத்திருந்து, அதைக் கிழியாமல் எடுத்து லாரி டிரைவரிடம் நீட்டினாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"செரிங்க சார். ஆனா இனிமேலு என்ற கம்ப்யூட்டர நீங்க தொட வேண்டாமுங்க."

அவ்வளவுதான். அவளுடைய வேலை நிலைத்தது. என்னுடைய ஏழு வருடம் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்தது. வெங்கடாசலம் கலைமணியிடம், "இனி மாசம் ஒருக்கா நீயே வந்து பாத்துட்டுப் போயிரும்மா" என்றார். எனக்கு முன்னால்தான் சொன்னார்.

வேடிக்கை என்னவென்றால், வேலை அதோடு முடியவில்லை. பிரிண்டரின் சின்னத் திரையில் எல்லாம் ஆங்கிலம். கலைமணி இரண்டு மூன்று பொத்தான்களை அழுத்திப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "இது என்னென்னமோ கேக்குதுங்க சார். நீங்களே ஒரு நம்பர் போட்டுக் குடுத்துருங்க." போட்டுக் கொடுத்தேன். எண் மாறியதால், மற்ற எல்லாக் கணினிகளுக்கும் பிரிண்டர் இருக்கும் இடத்தைப் புதிதாகக் காட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. தேவிப்ரியாவுடையதைத் தவிர மீதி எல்லாவற்றிலும் நான் உட்கார்ந்து அதைச் செய்தேன். அரை மணி நேரம் பிடித்தது. அந்த அரை மணி நேரமும் எல்லோரும் கலைமணியைச் சுற்றி நின்று, 'உள்ளருந்து ஏனுங்க' கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ அவருக்குப் பப்ஸ் வாங்கி வந்திருந்தார்கள். நான் பிரிண்டரின் பெயரை மூன்று முறை தப்பாகத் தட்டினேன்.

வெளியே வந்தபோது வெயில் கொளுத்தியது. லாரியில் பேல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் வண்டிக்குப் பக்கத்தில்தான் அவருடைய மொபெட் நின்றது. ஒன்றும் பேசாமல் போய்விட வேண்டும் என்று சாவியைத் தேடினேன். அவர் கூடையை மாட்டிக்கொண்டே பேசினார். அதுவரை சார் என்றவர் தம்பி என்று தொடங்கினார்.

"தம்பி, உங்க கடை முன்னால நான் ரெண்டு தடவ வந்து நின்னிருக்கறனுங்க. உங்களுக்குத் தெரியாது."

"எதுக்குங்க?"

"சும்மாதான். கண்ணாடிக்குள்ளார நீங்க உக்காந்திருந்தீங்க. ஏ.சி. ஓடுச்சு. ஒருத்தர் கம்ப்யூட்டரத் தூக்கிட்டு உங்களத் தேடி வந்தாரு. நீங்க எந்திரிக்கக்கூட இல்ல, 'அங்க வையுங்க'ன்னு கையக் காட்டுனீங்க." அவர் அந்தக் கையசைப்பை அப்படியே செய்து காட்டினார். நான் அப்படித்தான் செய்வேன் போலிருக்கிறது. "நான் போற எடத்துல எல்லாம் பின்பக்கமா வரச் சொல்றாங்க. வெப்படப் பக்கம் ஒரு மில்லுல செக்கூரிட்டி என்னயக் கூட்டிப் பெருக்கற ஆளுகளோட வரிசையில நிக்க வெச்சுட்டான். உங்களுக்குச் 'சார் வந்துட்டாரு'. எனக்கு 'கேபிளுக்காரம்மா வந்திருக்குது'. இத்தன வருசத்துல எந்தக் கம்பெனி வாசல்லயும் வேற மாதிரி சொன்னதில்ல. உங்களக் கண்டா எனக்கு வயித்தெரிச்சலுங்க தம்பி. பொய் சொல்லக் கூடாது."

அன்று காலையிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் நல்ல செய்தி அது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை. மனசுக்குள் ஏதோ ஒன்று இளகி, நிமிர்ந்து உட்கார்ந்தது. மூன்று வருடமாக நான் மட்டுமே எரிந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தேன்.

"எனக்கும்தான் அக்கா" என்றேன். அவரை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "உங்க வேலையப் பாத்தா எனக்கும் அதேதான்."

அவர் நம்பாமல் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "உங்களுக்கா? என்னயப் பாத்தா? எதுக்குங்க?"

நான் சொல்லத் தொடங்கினேன். ஸ்டூலைப் போட்டு உட்காரும் தைரியத்தைப் பற்றி. அவர் கேட்கிற கேள்விகளைப் பற்றி. முடிச்சுகளைப் பற்றிக்கூடச் சொல்லிவிட்டேன். அவர் தலையைச் சாய்த்து, ஒரு வார்த்தையும் விடாமல், கூச்சமே இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் சொன்னால் நன்றாக இருக்கும் என்பதுபோல் இருந்தது முகம். "அந்தப் பிரிண்டருல இங்கிலீசுல கேட்டதே, அத ஒரு நாளு உங்க கடைக்கு வந்தாச் சொல்லிக் குடுப்பீங்களா?" என்று கேட்டார். "முன்பக்கமாவே வாங்க" என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. நானும் அந்தக் கணத்தில் என்னை மிகவும் நல்லவனாக உணர்ந்தேன்.

அப்போது அவருடைய போன் அடித்தது.

"சொல்லுங்க, கலைமணிதான். நெட்டு நின்னு போச்சுங்களா? எந்தக் கம்பெனிங்க?" என்று கேட்டவர் சட்டென்று நிறுத்தினார். நான் ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்திருக்க வேண்டும். என்னைப் பார்த்துப் பிரியமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு மாறாமலேயே இரண்டடி பின்னால் நகர்ந்தார். அது போதாது என்று பட்டது போலும். லாரியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்று, போனையும் வாயையும் சேர்த்து உள்ளங்கையால் குவித்து மூடிக்கொண்டு, வாடிக்கையாளரின் பெயரைக் கேட்டார்.